வடமும் உலுக்குமரமும்: நாற்சக்கர இயக்கக் கார்களின் இரு தலைமுறைகள்

இலக்கியம் பேசும் பக்கத்தில் கார்களுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். காஞ்சிபுரத்தில் தமிழ் கற்பிக்கும் நமக்கு எதிரே அமரும் மாணவரில் பலர் தறிக்குழி உள்ள வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பட்டம் பெற்றதும் அவர்களில் பலர் ஏறுவது திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளின் பேருந்துகளில். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்த காலம் முதலாக இம்மாவட்டத்தின் இரண்டாவது நெசவு கார்தான். ஆகவே கார்களைப் பற்றிய ஒரு வாதம் நம் மாணவர்களின் வாயிலிருந்தே நம் காதில் விழுகிறது. பழைய தலைமுறை விளையாட்டு செடான்களில் உயிர் இருந்தது, புதியவற்றில் வெறும் கணினிதான் இருக்கிறது என்பது அவ்வாதம். மரபுக்கவிதை, புதுக்கவிதைச் சண்டையின் அதே குரல், அதே முகபாவம். ஆகவே இதில் தலையிட நமக்கும் சிறிது உரிமை உண்டு.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வது என்றால் என்ன என்பதைக் காஞ்சிக்காரர்களுக்கு விளக்கத் தனிப் பாடம் தேவையில்லை. வைகாசியில் வரதர் தேர் காந்தி ரோடு தேரடியிலிருந்து புறப்படுவதைப் பார்த்தால் போதும். முன்னே வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். வடம் மட்டும் தேரை நகர்த்திவிடாது. பின் சக்கரங்களுக்கு அடியில் உலுக்குமரம் கொடுத்து நெம்புகிறவர்கள் வேறு. முன்னிழுப்பும் பின்னெம்புதலும் ஒரே கணத்தில் கூடினால்தான் அந்தப் பாரம் அசையும். திசையைத் தீர்மானிப்பதோ இவர்கள் எவரும் அல்லர். சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டை போடுகிற சிலர். கட்டையில் உரசிச் சக்கரம் விலக, தேர் திரும்புகிறது. வழக்குத்தமிழில் தடைக்கு மறுபெயராகிவிட்ட முட்டுக்கட்டை, தேருக்குத் திசைதிருப்பியாகவும் தடையாகவும் ஒருசேரப் பணிபுரிகிறது என்பதை அகராதிக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

காரிலும் சிக்கல் இதுவே. திருப்பத்தில் நான்கு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வெளிச்சக்கரம் அதிகம் ஓட வேண்டும், உட்சக்கரம் குறைவாக. முன் அச்சும் பின் அச்சும்கூட வெவ்வேறு தொலைவு கடக்கின்றன. விசையை எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இந்த வேறுபாட்டையும் அனுமதிக்க வேண்டும். ஜீப்புகளில் இருந்த முரட்டு ஏற்பாட்டைத் தார்ச்சாலைக் கார்களில் பரவலாக்கியவர்கள் ஆவ்டி நிறுவனத்தார். பின்லாந்துப் பனியில் இல்டிஸ் என்ற இராணுவ வண்டி, தன்னைவிட வலிய கார்களைத் திணறடித்ததைக் கண்ட பொறியாளர்களின் எண்ணம், 1980 ஜெனிவாக் கண்காட்சியில் குவாட்ரோ என்ற பெயரில் வடிவம் கொண்டது. அது இருகதவுக் கார். நான்கு கதவு செடான்களின் பொற்காலம் பத்தாண்டு கழித்தே வந்தது.

அந்தப் பொற்காலத்தின் பிறப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழமை பேசுவோர் விட்டுவிடுகிற செய்தி அது. உலக ராலிப் பந்தயங்களில் உயிர்ச்சேதங்களுக்குப் பின் 1986உடன் ‘பி’ பிரிவு கார்கள் விலக்கப்பட்டன. 1987 முதல் ‘ஏ’ பிரிவே முதன்மையானது. அதன் விதி, பந்தயத்தில் ஓட்ட விரும்பும் காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும், ஆண்டுக்கு 5000 வண்டிகள் செய்ய வேண்டும் என்றது. 1993இல் அது 2500 ஆகக் குறைந்தது. இந்த ஒரு நூற்பாவுக்கு எழுந்த உரைகளே சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸும் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும். இரண்டும் 1992இல் பிறந்தவை. இரண்டும் 2 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்டவை. 240, 250 குதிரைத்திறன் அளவில் நின்றவை. 1995இல் காலின் மெக்ரே சுபாருவில் உலகப் பட்டம் பெற்றார். 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து டாமி மாக்கினென் லான்சரில் பெற்றார். கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகத்தக்க ஒரு செடான், பனியிலும் சேற்றிலும் உலகை வென்றது. அந்த வியப்பு நியாயமானதே.

நம் பகுதிக்கு வந்த லான்சர் வேறு. 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது, முன்சக்கர இயக்கம் கொண்ட அடக்கமான குடும்பக் கார். ஆயினும் பெயரின் மயக்கம் பெரிது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தைச் சுற்றி வளர்ந்த இளைஞர் கூட்டம் அந்தக் கூட்டுக்குள்ளே எவல்யூஷனையே கண்டது. காவியத்தைப் படிக்காமல் காவியத்தலைவனின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது போன்றது இது. குறையாகச் சொல்லவில்லை.

இனிப் புதிய தலைமுறை. இதற்கு நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ ஆலை இயங்குகிறது. 2019இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை. அங்கே பூட்டப்பட்டு 2021இல் விற்பனைக்கு வந்தது எம்340ஐ எக்ஸ்டிரைவ் என்ற நாற்சக்கர இயக்க விளையாட்டு செடான்: 3 லிட்டர் ஆறு உருளை டர்போ எஞ்சின், 387 குதிரைத்திறன், நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.4 விநாடி. இதன் நேர் மூதாதை 1985இல் அறிமுகமான 325ஐஎக்ஸ். அதன் திறன் 171. அந்த மூதாதையில் முன்னச்சுக்கு நூற்றுக்கு 37 பங்கும் பின்னச்சுக்கு 63 பங்கும் விசை என்பது பல்லமைப்பிலேயே விதிக்கப்பட்ட பாகம். பேரனில் அந்தப் பங்கீட்டைக் கணினி கணந்தோறும் மாற்றி எழுதுகிறது. திறன் இரு மடங்குக்கும் மேல் ஆனது. எடையும் 1300 கிலோ அளவிலிருந்து 1700ஐக் கடந்துவிட்டது.

எடைக்கணக்கில்தான் பழமைவாதிகளின் கை ஓங்குகிறது. ஜப்பானில் விற்ற 1992ஆம் ஆண்டு டபிள்யூஆர்எக்ஸ் ஏறத்தாழ 1200 கிலோ, 240 குதிரைத்திறன். 2022ஆம் ஆண்டு மாதிரி டபிள்யூஆர்எக்ஸ் ஏறத்தாழ 1500 கிலோ, 271 குதிரைத்திறன். கிலோவுக்கு இத்தனை என்று வகுத்துப் பார்த்தால் முப்பது ஆண்டு முன்னேற்றம் பின்னேற்றமாகத் தெரிகிறது. கூடிய எடையில் ஒரு பகுதி காற்றுப்பைகளுக்கும் மோதலைத் தாங்கும் உடற்கூட்டுக்கும் உரியது. உயிரோடு வீடு திரும்பியவன் அந்த எடையைப் பழிக்க மாட்டான். ஆனால் 2024இல் வந்த எம்5 செடான் 2400 கிலோவையும் தாண்டி நிற்பதற்கு அந்தச் சமாதானம் போதாது. மின்கலத்தைச் சுமக்க வலிமை, வலிமையைச் சுமக்க எடை, எடையைச் சுமக்க மறுபடி வலிமை என்று அது வளர்கிறது. உவமைக்கு உவமை, அதற்கும் ஓர் உவமை என்று கொழுத்துப்போன பிற்காலப் பிரபந்தங்களின் நினைவு நமக்கு வருகிறது.

ஒலி விஷயத்தில் நாம் முழுமையாகப் பழைய கட்சி. அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன் தேரில் திரும்பி வருகிறான். பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலையக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். இருக்கும் ஒலியை அடக்கியது ஊர்தியின் அன்றைய நாகரிகம். 2011இல் வந்த எம்5 முதலாக பிஎம்டபிள்யூ, எஞ்சினின் முழக்கத்தை உள்ளே உள்ள ஒலிபெருக்கிகள் வழியே மிகுத்து ஓட்டுநருக்குக் கேட்பிக்கிறது. கதவுகள் சத்தத்தைத் தடுக்கும். பிறகு பாட்டுப்பெட்டி அதே சத்தத்தைப் பாடும். இதற்கு நல்ல தமிழில் பெயர் உண்டு: கூலிக்கு மாரடித்தல்.

ஆனால் ‘பழையதில் கை பேசியது, புதியதில் கணினி பேசுகிறது’ என்ற வாதத்தின் மையத்தை நாம் ஏற்கவில்லை. பழமைவாதிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நான்காம் எவல்யூஷன் 1996இல் வந்தது. அதன் பின்னச்சில் இடவலச் சக்கரங்களுக்கு இடையே விசையைப் பகிர்ந்தது ஒரு மின்னணு மூளையே. 2001இன் ஏழாம் எவல்யூஷனில் நடுப்பகிர்வும் மின்னணுவிடம் சென்றது. ‘திருப்பத்தில் காரே மனத்தை அறிந்து திரும்புகிறது’ என்று அன்று மெய்சிலிர்த்தார்களே, அவர்களைச் சிலிர்க்க வைத்தது கணினிதான். தொண்ணூறுகளின் சுபாருவில் சில வகைகளுக்கு மட்டும் வேறொரு ஏற்பாடு இருந்தது. முன்னச்சையும் பின்னச்சையும் எவ்வளவு இறுக்கிப் பிணைப்பது என்பதை ஓட்டுநரே கட்டைவிரலால் ஒரு சிறு சக்கரத்தை உருட்டித் தீர்மானிக்கலாம். அதுவே உண்மையான முட்டுக்கட்டைக்காரன் மரபு. அதற்காக அழுவதானால் நாமும் சேர்ந்து அழத் தயார். மொத்தப் பழைய தலைமுறைக்காகவும் அழுவதற்கில்லை.

தேரிலேயே இது நடந்ததுதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் நீரழுத்தத் தடையும் பொருத்தியது. தேர் தேராகத்தான் இருக்கிறது. முட்டுக்கட்டைக்காரர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தக் கார்கள் ஏன் மறைந்தன? எவல்யூஷன் 2016உடன் முடிந்தது. சுபாருவின் எஸ்டிஐ வரிசைக்குப் பெட்ரோல் எஞ்சினில் அடுத்த வாரிசு இல்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. மாசுக்கட்டுப்பாடு ஒரு காரணம், சந்தை ஒரு காரணம். நம் கருத்தில் மூலகாரணம் முன்னே சொன்ன விதியின் சாவு. 1997இல் உலக ராலியின் விதிகள் மாறின. சாதாரண முன்சக்கரக் காரை எடுத்துப் பந்தயத்துக்கென்று தனியாக நாற்சக்கர இயக்கமும் டர்போவும் பூட்டிக்கொள்ளலாம். கடையில் அதையே விற்க வேண்டியதில்லை என்றானது. கட்டாயம் நீங்கியபின் சில ஆண்டுகள் பெருமையால் ஓடியது வண்டி, பிறகு நின்றது. சிற்றிதழ்கள் நின்றபோது சிறுகதையின் ஒரு குறிப்பிட்ட வடிவம் அருகியதை நாம் பார்த்தோமே, அதே கதை. வாசகர்கள் ரசனை குன்றியவர்களாகிவிட்டார்கள் என்று அப்போதும் சொன்னார்கள். வடிவத்தைத் தாங்கிய ஏற்பாடு போனதைப் பேசியவர்கள் குறைவு.

இரு தலைமுறையையும் ஒப்பிடுகிறவர்கள் அனைவரும் ஓட்டுகிறவன் இருக்கையில் அமர்ந்தே ஒப்பிடுகிறார்கள். செய்கிறவன் நிற்கிற இடத்திலிருந்து, பழுது பார்ப்பவன் படுத்திருக்கும் இடத்திலிருந்து ஒப்பிட்டால் என்ன? நம் ஊரில் இக்கேள்வி புதிதன்று. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள், நெசவாளர் ஒருபுறம், கரை கோர்க்கும் உதவியாள் மறுபுறம். அடை என்ற நூல்முடிச்சு முறையில் வடிவத்தை நினைவில் ஏற்றியிருந்த காலம் போய் ஜக்கார்டு அட்டை வந்தது, பின் அட்டையைத் துளையிடக் கணினி வந்தது. ஒவ்வொரு முறையும் கலை செத்தது என்றார்கள். நாம் கேட்க வேண்டியது, அறிவு எவர் கைக்குப் போனது என்பதை. அட்டை அறுந்தால் தெருவிலேயே தைத்துக்கொள்ளலாம். வடிவம் ஒரு கோப்பாகி வடிவமைப்பாளரின் கணினிக்குள் சென்றபின், நெசவாளர் அதற்காகக் காத்திருக்கிறார்.

கார்களிலும் இரு தலைமுறைக்கு இடையிலான உண்மையான பிளவு இங்கேதான் விழுந்திருக்கிறது. பழைய டபிள்யூஆர்எக்ஸின் நடுப்பகிர்வைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பரப்பி, தேய்ந்ததைக் கண்டு, மாற்றிப் பூட்ட முடியும். இன்றைய காரில் பாகத்தை மாற்றுவது பாதி வேலை. புதிய பாகத்தைக் காரின் மென்பொருள் ‘ஏற்றுக்கொள்ள’ வேண்டும். அதற்கான சாவி பெரும்பாலும் நிறுவனத்திடம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவும் இணையவாயிலும் அமைத்தபோது கார்களையும் அதில் சேர்த்தது. சேர்த்ததோடு நிற்கிறது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தரும் ஏற்பாடே அது. கட்டாயச் சட்டம் அன்று.

கையுணர்வு போயிற்று என்று புலம்பும் ரசிகர்கள் தம் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை இந்தச் சட்டத்துக்காகச் செலவிடலாம் என்பதே நம் முறையீடு. பகலெல்லாம் ஆலையில் இந்தக் கார்களைப் பூட்டிவிட்டு வரும் நம் பழைய மாணவர், நாளை பிள்ளையார்பாளையத்தில் சொந்தமாக ஒரு பட்டறை போட நினைத்தால், தாம் பூட்டிய காரைத் தாமே திறக்கும் அனுமதி அவருக்கு இருக்க வேண்டும்.