பெஸ்ட் ஆப் எது டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகனும் ஒன்பதாவது படிக்கும் அவன் பெண்ணும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிளில் போனார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர். காலை எட்டரைக்கே கடற்கரையில் நின்று எனக்குப் போட்டோ அனுப்பினார்கள். திரும்பும்போதுதான் வினை. ஈ.சி.ஆரில் கார்கள் பறப்பதைப் பார்த்துப் பயந்து, உள்ளே ஏதாவது வழி இருக்கிறதா என்று போனைக் கேட்டிருக்கிறான். போனும் உடனே ஒரு கோடு போட்டுக் காட்டியது. அந்தக் கோடு பக்கிங்காம் கால்வாயை நேராகத் தாண்டியது.

தரையில் அங்கே பாலம் கிடையாது. சேறும் சீமைக் கருவேலமும்தான். சிக்னல் இல்லாததால் வேறு வழி வரவில்லை, சார்ஜும் 6 சதவீதம். மே மாத வெயிலில் பெண் வாந்தி எடுத்துவிட்டாள். நுங்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, பிறகு பனைமரங்களுக்கு நடுவே ஒரு வரப்புப் பாதை வழியாக ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டிருக்கிறார். நல்லவேளை, அவர் இருந்தார்.

அந்த ஆப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதை அழித்துவிட்டு இன்னொன்றை ஏற்றிக்கொண்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுவீர்கள். இதை நம் குழுவில் எழுதியதும் 14 பேர் பதில் போட்டிருந்தீர்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ பெஸ்ட் ஆப் எது டீச்சர்?"

31 வருஷம் புவியியல் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா இது? இந்தப் படத்தை யார் வரைந்தார்கள், எதற்காக வரைந்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்கத்தானே சொல்லிக்கொடுத்தேன்?

ஒவ்வொன்றாக வருகிறேன்.

"கூகுள் போதுமே டீச்சர்" என்றவர்களுக்கு. டீக்கடை தேடவும் டிராஃபிக் பார்க்கவும் அது போதும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதன்முதலாகக் கொண்டுவந்தார்களே, இரு சக்கர வாகன வழி, அது மோட்டார் சைக்கிளுக்கானது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஈ.சி.ஆர் நல்ல ரோடு. 14 வயதுப் பெண் மிதிக்கும் சைக்கிளுக்கு அதே ரோடு நல்ல ரோடு ஆகிவிடுமா?

"ஸ்ட்ராவா ஹீட்மேப் பார்த்துப் போகலாமே" என்றவர்களுக்கு. அந்த ஆப் வைத்திருப்பவர்கள் ஓட்டிய பாதைகள் அதில் ஒளிர்ந்து தெரியும். பலர் போன வழி பாதுகாப்பான வழி என்பது உங்கள் கணக்கு. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அந்தப் படத்தில் சிரியாவையும் ஆப்கானிஸ்தானையும் பார்த்தார். இருட்டுக்கு நடுவே அங்கங்கே பளிச்சென்று புள்ளிகள். பார்த்தால், அவை வெளிநாட்டு ராணுவ முகாம்கள்! கையில் கருவி கட்டிக்கொண்டு ஓடிய சிப்பாய்களின் தடம் அது. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் தினமும் நடந்த பாதைகள் அதில் தெரியவே இல்லை.

நம் மாவட்டத்திலும் அதே கதைதான். வாரக் கடைசியில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஈ.சி.ஆரில் மிதிக்கிறார்கள், அது ஒளிர்கிறது. ஒளிர்வதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அங்கேயே வருகிறார்கள், இன்னும் ஒளிர்கிறது. விடியற்காலையில் கேன் கட்டிக்கொண்டு போகும் பால்காரரும், அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் ஸ்ட்ராவாவில் இல்லை. வருஷம் முழுக்கச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய பாதை படத்தில் இருட்டு.

"ஏற்ற இறக்கம்கூடக் காட்டுகிறதே" என்றவர்களுக்கு. பல ஆப்கள் சொல்லும் உயரக் கணக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த தரவிலிருந்து. பல இடங்களில் அந்த ரேடார் தரையைத் தொடாமல் மர உச்சியைத் தொட்டுத் திரும்பியது. சவுக்குத் தோப்பு மண்டிய சமதளக் கடற்கரையில் அந்தக் கணக்கை நம்பி என்ன பிரயோஜனம்? இங்கே பார்க்கவேண்டியது காற்று. வெயில் காலத்தில் மதியம் நெருங்கும்போது வரும் கடற்காற்று, மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு திரும்புகிறவரை முதுகில் தள்ளிவிடும். நவம்பர், டிசம்பரில் ஈ.சி.ஆரில் சென்னைப் பக்கம் மிதித்தால் வாடைக்காற்று முகத்தில் அறையும்.

சரி, ஆப் எப்படி வழி சொல்கிறது? அது தரையைப் பார்ப்பதில்லை. ரோடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செலவுக் கணக்கு வைத்திருக்கிறது. தார் ரோடா, மண் ரோடா, லாரி ஓடும் சாலையா, நடைபாதையா என்று குறிப்பு இருந்தால் அதை வைத்துக் கூட்டும், குறைக்கும். மொத்தத்தில் செலவு குறைந்த வழியைக் காட்டும். குறிப்பு இல்லாத துண்டுக்கு? ஊகம்தான். அந்த ஊகத்தை நம்பித்தான் என் பேத்தி கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே ஆப் தேர்ந்தெடுக்க மூன்றே கேள்வி. சைக்கிளுக்கென்று தனியாகக் கணக்குப் போடுகிறதா? சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யுமா? படத்தில் தப்பு இருந்தால் நானே திருத்த முடியுமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதை யாருமே கேட்பதில்லை.

திருத்தக்கூடிய படம் ஒன்று இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப். விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் வரையலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் இரண்டும் அந்தப் படத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாமலே சைக்கிள் வழி சொல்லும். வீட்டில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திட்டமிட பி-ரௌட்டர் இருக்கிறது. பாதையை ஜி.பி.எக்ஸ் ஃபைலாக எடுத்து, கூட வருகிறவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடலாம். ஒரு போன் செத்தாலும் இன்னொன்றில் பாதை இருக்கும்.

"நம்ம ஊர்ப் பக்கம் அதில் ஒன்றுமே இல்லையே டீச்சர்" என்பீர்கள். உண்மைதான், கிராமத்துப் பக்கம் ஓட்டை நிறைய. யார் வந்து அடைப்பார்கள் என்று காத்திருக்கிறீர்கள்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த இணைய வரைபடம் இந்தத் திறந்த படத்தின் மேல்தான் செய்யப்பட்டது. அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு முடியாதா?

செவ்வாய்க்கிழமை நானும் தம்பி மகனும் ஆட்டோவில் அந்த இடத்துக்கே போனோம். நுங்குப் பெரியவரைத் தேடிப் பிடித்து நன்றி சொன்னோம். இந்த 66 வயதில் அந்த வரப்புப் பாதையைக் கடைசி வரை நடந்தேன், போன் தடத்தைப் பதிவு செய்துகொண்டே வந்தது. எங்கே மண், எங்கே கல், மழைக்காலத்தில் எந்த இடம் முழுகும் என்று பெரியவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டோம். அன்று இரவே பேத்தி தன் கையால் அந்தப் பாதையை வரைந்து ஏற்றினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஓட்ட முடியாது என்ற குறிப்போடு. அவரிடமும் போன் இருக்கிறது, ஆனால் அவர் தினம் போகிற பாதை அதுவரைக்கும் எங்கள் யார் போனிலும் இல்லை.

இனி வீட்டுப்பாடம். ரிட்டயர் ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

1. சைக்கிள் எடுக்கும் முந்தின இரவே படத்தை இறக்கி வையுங்கள். கால்வாய், ஏரிக் கலங்கல், பாலாறு என்று தண்ணீரைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் பெரிதாக்கி, சாட்டிலைட் படத்தில் பாலம் இருக்கிறதா பாருங்கள். பாலம் தெரியவில்லையா, அந்த வழி வேண்டாம்.

2. ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஏற்றுங்கள். "இந்த ரோடு தாரா, மண்ணா?" என்று கேட்கும், நின்று பதில் போட்டால் போதும். உங்கள் ஊரில் பத்துத் தெருவுக்குப் பதில் போட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் போடுங்கள். கூகுளைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, அது அங்கே விதி. பரீட்சையிலும் அதே விதிதான் வைத்திருந்தேன்.

3. வழியில் பார்க்கிற ஒருவரிடமாவது நின்று வழி கேளுங்கள். "ஐயா, மழை பெய்தால் இந்த வழி எப்படி?" என்று கேளுங்கள். எந்த ஆப்பும் இதற்குப் பதில் சொல்லாது.

இரண்டாம் பாடத்தை முடித்தவர்கள் மட்டும் கமெண்டில் வந்து "பெஸ்ட் ஆப் எது?" என்று மறுபடி கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

பேத்தி நன்றாக இருக்கிறாள். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறாளாம். இந்த முறை வழியை அவளே போட்டிருக்கிறாள்.