மலைப்பாதையில் இரு சக்கரங்கள்



சனி, ஞாயிறுகளில் பொழுது புலரும் வேளையில் மேல்விஷாரத்து நெடுஞ்சாலை ஓரம் நிற்போர் ஒரு காட்சியைக் காணலாம். சென்னையிலிருந்து புறப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அணியணியாக மேற்கு நோக்கி விரைந்து செல்லும். தலையில் கவசம், உடலில் தடித்த மேலங்கி, முழங்கால்வரை காலணி, வண்டியின் இருபுறமும் மூட்டைகள். சிலர் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நாடிச் செல்வோர். சிலர் சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கும் காவலூருக்கும் செல்வோர். இன்னும் சிலர் இமயம்வரை செல்லத் துணிந்தவர்கள். தேநீர்க் கடையில் நின்று இவர்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள் வீட்டிற்கு வந்ததும் கேட்கும் முதற்கேள்வி, "எனக்கு எப்போது வண்டி வாங்கித் தருவீர்கள்?" என்பதுதான். பெற்றோர் பலர் இதற்கு விடை தெரியாமல் தவிக்கின்றனர். ஆகவே இத்திங்கள் இதனைக் குறித்துச் சற்றுச் சிந்திப்போம்.

இந்த ஆர்வத்திற்கு நம் மாநிலத்திலேயே நெடிய வரலாறு உண்டு. எல்லைக் காவலுக்கென இந்திய இராணுவம் ஆங்கில நாட்டுப் புல்லட் வண்டிகளை நாடியதன் தொடர்ச்சியாக, 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாயிற்று. அதன் வழிவந்த ராயல் என்ஃபீல்டு, கரடுமுரடான பாதைகளுக்கென்றே 2016-இல் 'ஹிமாலயன்' என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் முன்சக்கரம் 21 அங்குலம். அடிப்பாகத்திற்கும் தரைக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். பெரிய சக்கரம் குழியில் சிக்காமல் கல்லின்மேல் ஏறிக் கடக்கும். உயர்ந்த அடிப்பாகம் பாறையில் மோதாது. 2021-இல் லடாக்கின் உம்லிங் லா கணவாயில் 19,024 அடி உயரத்தில் தார்ச்சாலை அமைந்தது முதல், அங்குச் சென்று வருவது பலருக்கு வாழ்நாள் கனவாகிவிட்டது. கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதியே கிடைக்கும் உயரம் அது!

தொலைதூரம் காணவேண்டும், அரியதைச் செய்யவேண்டும் என்னும் வேட்கை இளமைக்கு இயல்பானதே. அதனை அடியோடு அடக்குவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் துணிவு வேறு, துடுக்கு வேறு. ஆழமறியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது.

சட்டம் கூறுவதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். கியர் உள்ள வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டிற்கு இரத்தாகும்; அப்பிள்ளை 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று சாவியைக் கொடுப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். ஊர் அதிரும்படி சைலென்சரை மாற்றுவதும் குற்றமே. காப்புக்காட்டிற்குள் அனுமதியின்றி வண்டியைச் செலுத்துவதும் குற்றமே. அங்கே வழி தென்படுவதனாலேயே செல்லும் உரிமை வந்துவிடாது.

தோலின் அருமையை நம் பகுதி மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் பதனிடப்பெறும் தோல், கையுறையாகவும் காலணியாகவும் கடல் கடந்து செல்கிறது. தோலின் நார்கள் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடப்பதனால், தார்ச்சாலையில் ஒருவன் விழுந்து உராய்ந்து செல்லும்போது அது எளிதில் கிழியாமல் அவன் மேனியைக் காக்கிறது. மற்றவர் மேனிக்குக் காவல் செய்து கொடுக்கும் ஊரில், நம் பிள்ளைகள் வெறுங்காலில் செருப்பும் வெறுந்தலையுமாகப் பறப்பது வேதனையன்றோ!

அத்தோலுக்காகப் பாலாறு கொடுத்த விலையையும் நாம் அறிவோம். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்குரிய ஈடு தரவேண்டும் என்ற நெறியை 1996-இல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அந்நெறி ஆலைகளுக்கு மட்டுமன்று. மலையில் உல்லாசமாகத் திரிந்து, பாட்டில்களையும் காகிதங்களையும் எறிந்துவிட்டு இறங்குபவருக்கும் அது பொருந்தும்.

இனி, என் உள்ளத்தை மிகவும் உறுத்தும் செய்திக்கு வருகிறேன். நகரத்து இளைஞர்கள் சாலையற்ற வழியைத் தேடி மலையேறுகிறார்கள். மலைவாழ் மக்களோ சாலைக்காக ஏங்கி நிற்கிறார்கள். 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு தீண்டியது. நல்ல பாதை இல்லாமையால், மருத்துவமனை சேர்வதற்குள் உயிர் பிரிந்தது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸும் இடைவழியில் நின்றுவிட, பெற்ற தாய் அக்குழந்தையைக் கையில் ஏந்தி மலையேறினாள். ஒருவருக்கு வீரவிளையாட்டாகத் தோன்றும் அதே கல்லும் பள்ளமும் மற்றொருவருக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வியாக இருக்கின்றன.

மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் கரிமுல் ஹக் என்னும் தேயிலைத் தோட்டத் தொழிலாளி இருக்கிறார். 1995-இல் ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தம் தாயை இழந்தவர். பின்னாளில் உடன் உழைத்த ஒருவர் மயங்கி விழ, அவரை மோட்டார் சைக்கிளில் தம்மோடு சேர்த்துக் கட்டி மருத்துவமனையில் சேர்த்தார். அன்று தொடங்கிய பணியால், பெரிய வண்டி நுழைய முடியாத சேற்றுப் பாதைகளில் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து சென்று உயிர் காத்தார். 2017-இல் நம் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்ட சமாரியன் நம் நினைவுக்கு வருகிறான் அல்லவா? விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கிலிருந்து காக்கும் 134-ஏ பிரிவும் அச்சமாரியன் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகவே, "நமக்கேன் வம்பு" என்று விலகிச் செல்வதற்கு இனிச் சட்டத்தின்மேல் பழிபோட முடியாது.

பெற்றோரே, மகனோ மகளோ வண்டி கேட்டால் வெகுண்டு எழாதீர்கள். உடனே இணங்கியும் விடாதீர்கள். வயதும் உரிமமும் வரட்டும். வண்டிக்கு முன்பாக ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் வீட்டிற்கு வரட்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்தும் முதலுதவிப் பயிற்சிகளில் ஒன்றை முடித்துவரச் சொல்லுங்கள். இளைஞரே, மலைக்குச் செல்லுங்கள். ஆனால் அங்குள்ளோரிடம் வழி கேட்டு, அவர்கள் தெருவில் மெதுவாகச் சென்று, அவர்கள் குறையையும் காது கொடுத்துக் கேளுங்கள். திரும்பும் வழியில் நோயாளி ஒருவர் கைகாட்டினால், உங்கள் பின்னிருக்கை அவருக்காகக் காலியாக இருக்கட்டும்.