இடிவண்டி நுழையாத தெருவில் காவல் யாருடையது?

காவல்துறைக்குப் புதிய வண்டிகள் வாங்கப்படும் போதெல்லாம் ஒரே காட்சி அரங்கேறுகிறது. மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அமைச்சர் கொடியசைக்கிறார். மறுநாள் நாளேடுகளில் படம் வருகிறது. எத்தனை வண்டிகள், எத்தனை கோடி என்ற கணக்கு தலைப்பாகிறது. எந்த வேலைக்கு எந்த வண்டி, அது எந்தத் தெருவில் ஓடும் என்ற கேள்வியை மட்டும் ஆட்சியில் இருப்போரும் எழுப்புவதில்லை, எதிர்க்கட்சியினரும் எழுப்புவதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் தலைமையகத்தின் கொள்முதல் பிரிவு அன்று. மட்டாஞ்சேரி போன்ற ஓர் ஊரின் சந்து.

மட்டாஞ்சேரியின் தெருக்கள் மோட்டார் வண்டிக்கு முந்தியவை. டச்சு அரண்மனை என்று அழைக்கப்படும் மாளிகையைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டினர். அதன் அருகிலுள்ள பரதேசி யூத ஜெபாலயம் 1568இல் எழுந்தது. பஜார் சாலையின் மிளகு, சுக்குக் கிடங்குகள் தம் முகத்தைத் தெருவுக்கும் முதுகைக் காயலுக்கும் காட்டி நிற்பவை. சரக்கு அந்நாளில் நீர்வழியே வந்து போனது. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழியினர் நெருங்கி வாழும் குடியிருப்புகள் இவற்றைச் சுற்றி அடர்ந்துள்ளன. சற்றுத் தொலைவில் ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியிலுள்ள சலவைக்கூடத்தில் இன்றும் துணி துவைப்போர், டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பத்தினர். 1967இல் மட்டாஞ்சேரி நகராட்சி கொச்சி மாநகராட்சியோடு இணைந்தது. நிர்வாகம் மாநகரத்தினுடையது ஆயிற்று. தெருவின் அகலம் பழையபடியே நின்றது.

இந்தத் தெருவில் ஒரு காவல் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். இந்தியக் காவல்துறைகள் பரவலாகப் பயன்படுத்தும் மஹிந்திரா பொலேரோவின் அகலம் 1,745 மில்லிமீட்டர். உயர் அதிகாரிகள் விரும்பும் இன்னோவா கிறிஸ்டாவின் அகலம் 1,830, நீளம் 4,735. பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சேர்த்தால் அகலம் இன்னும் கூடும். காலையில் கிடங்கு வாசலில் லாரி நின்று மூட்டை இறங்கும் வேளையில், பஜார் சாலையில் இவ்வண்டி நகராது. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்க வேண்டும். பொலேரோவை விட ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலாகக் குறுகிய மாருதி ஈகோ, 1,475 மில்லிமீட்டர் அகலத்தோடு அதே தெருவில் ஒதுங்கிப் போய்விடும். உட்சந்துகளுக்கு அதுவும் ஆகாது. அங்கே இருசக்கர வண்டி போகும், மிதிவண்டி போகும், கால் போகும். நள்ளிரவில் ஒரு வீட்டிலிருந்து அலறல் கேட்டால், சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காவலர் நடந்துதான் வரவேண்டும். நடந்துதான் வரவேண்டுமென்றால், அத்தனை பெரிய வண்டி எதற்காக வாங்கப்பட்டது?

அதன் விடை வரலாற்றில் இருக்கிறது. ஜீப் என்பது இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த ஊர்தி. மஹிந்திரா நிறுவனம் 1947இல் வில்லீஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் காவல் நிலைய வாசலில் அதுவே அரசின் அடையாளமாக நின்றது. மேட்டையும் பள்ளத்தையும் கடந்து, ஆட்களை ஏற்றிப்போய் இறக்கி, கூட்டத்தை அடக்கித் திரும்புவதற்கான வண்டி அது. மக்களோடு பேசுவதற்கான வண்டியாக யாரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. கேரள மக்கள் காவல்துறையின் பெரிய வேனுக்கு ‘இடிவண்டி’ என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் ‘இடி’ என்றால் அடி, குத்து. ஏறினால் உதை விழும் என்ற அனுபவமே அந்தப் பெயர். ஓர் ஊர்திக்கு மக்கள் சூட்டும் பெயரை விடக் கூர்மையான தணிக்கை அறிக்கை வேறு இல்லை.

மட்டாஞ்சேரிக்கு இந்த அச்சம் புதியதன்று. துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசியெறிந்து, பாய்ந்து பொறுக்கியவனுக்கே அன்றைய வேலை என்ற ‘சாப்பா’ முறையை எதிர்த்து, 1953 செப்டம்பர் 15 அன்று தொழிலாளர்கள் திரண்டபோது காவல்துறை சுட்டது. சைது, சைதலவி ஆகியோர் உயிரிழந்தனர். ஆண்டனி என்ற தொழிலாளி காவலில் பட்ட சித்திரவதையால் இறந்தார். இப்படிப்பட்ட நினைவு உறைந்த தெருவில் காவல்துறை எந்த வடிவில் நுழைகிறது என்பது வெறும் போக்குவரத்துச் சிக்கலாக முடிந்துவிடாது.

இனிப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். 2020 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, காவல்துறை நவீனமயமாக்கத்துக்கான நிதியில் சொகுசுக் கார்கள் வாங்கப்பட்டதையும், குண்டு துளைக்காத வண்டிகளை வாங்கியதில் விதிகள் மீறப்பட்டதையும் கண்டித்தது. நிலையங்களின் நடமாட்டத் திறனை உயர்த்துவதே அந்த நிதியின் நோக்கங்களில் முதன்மையானது. அதே ஆண்டு, மாதத்துக்கு 20 மணி நேரப் பறப்புக்கு 1.44 கோடி ரூபாய் வாடகை என்ற கணக்கில் ஒரு ஹெலிகாப்டரைக் கேரளக் காவல்துறை அமர்த்தியது. மாற்று அறுவைச் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு ஓர் இதயத்தை அது சுமந்து வந்தது உண்மை; அந்த நற்செயலை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் உயிரைக் காத்த ஒரு பயணம், ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகையைக் கட்டுவதற்கான நியாயமாகிவிடாது. ஒரு மாத வாடகையில் எத்தனை நிலையங்களுக்கு எத்தனை இருசக்கர வண்டிகள் வந்திருக்கும் என்பதைக் கணக்கிடப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. வண்டி பதவியின் அளவுகோலாக மாறிவிட்டதே நோயின் மூலம். அதிகாரி உயர உயர வண்டி நீள்கிறது. வேலை நடக்கும் தெருவோ குறுகிக்கொண்டே போகிறது.

பெரிய வண்டிகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தாலே குற்றம் குறையும் என்று நம்புவோர் உண்டு. அந்த நம்பிக்கை அரை நூற்றாண்டுக்கு முன்பே சோதிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1972–73இல் நடந்த ஆய்வில், சில வட்டாரங்களில் வழக்கமான கார் ரோந்து நிறுத்தப்பட்டது. சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கப்பட்டது. சிலவற்றில் முன்பிருந்தபடியே விடப்பட்டது. குற்ற அளவிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 1970களின் இறுதியில் நியூவார்க் நகரில் கால்நடை ரோந்து ஆராயப்பட்டது. அங்கும் குற்றம் குறைந்ததாகக் காணவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது, காவலர் மீதான மதிப்பு உயர்ந்தது. கண்ணாடி ஏற்றிய காரில் கடந்து செல்பவரைத் தெரு அறிவதில்லை. நடந்து வருபவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது.

இதைக் கேரளக் காவல்துறை அறியாததன்று. 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தின் உயிரே, வட்டாரக் காவலர் வீடு வீடாகச் சென்று மக்களை அறிந்துகொள்வதில் இருக்கிறது. 2021இல் பெண்களின் பாதுகாப்புக்கெனத் தொடங்கிய பிங்க் பாதுகாப்புத் திட்டத்தில் கார்களோடு இருசக்கர வண்டிகளும் மிதிவண்டிகளும் சேர்க்கப்பட்டன. ஆக, அறிவு இருக்கிறது. அந்த அறிவு விழா நாளில் ஒரு திட்டமாகத் தோன்றுகிறது; ஒவ்வொரு நிலையத்தின் நிலையான வாகனக் கணக்கில் ஒரு விதியாக இறங்குவதில்லை. அதுதான் குறை.

நீரின் பக்கம் திரும்பினால் முரண் இன்னும் தெளிவாகிறது. மட்டாஞ்சேரியின் கிழக்கு எல்லை காயல். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் விரிவடைந்த கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தில் மாநிலங்களுக்கு 12 டன், 5 டன் இடைமறிப்புப் படகுகள் வழங்கப்பட்டன. கடலில் துரத்திப் பிடிப்பதற்கான விரைவுப் படகுகள் அவை. அந்த வேலைக்கு அவை தேவை. வண்டல் படிந்த படகுத்துறைகளிலும் ஆழமற்ற கால்வாய்களிலும் அன்றாடம் சுற்றுவதற்கு வேறொரு படகு வேண்டும்: தட்டையான அடிப்பகுதி, குறைந்த எரிபொருள் செலவு, இரண்டு பேர் கையாளும் எளிமை. 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சிக்கு அருகே பயணிகள் படகும் மீன்பிடிப் படகும் மோதி 11 பேர் மாண்டனர். கரைக்கு எட்டும் தொலைவில் நேரும் இத்தகைய விபத்தில் சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கின்றன. 2018 வெள்ளத்தில் நாடே பார்த்தது என்ன? மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினர். எந்த நீரில் எந்தப் படகு மிதக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காவல்துறைக்குப் படகு வாங்கும் குழுவில் ஒரு மீனவருக்காவது நாற்காலி போடப்படுகிறதா? 2023இல் கொச்சி நீர் மெட்ரோ ஓடத் தொடங்கிய பின் காயலில் மக்கள் நடமாட்டம் பெருகியிருக்கிறது. காவலின் திட்டமும் அதற்கேற்ப நீரில் இறங்க வேண்டும்.

இன்னொரு பணி இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கைதிகளை நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் கொண்டுசெல்லும் வழிக்காவல். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையத்தின் வாசல், பூட்டறை, தாழ்வாரம் எனப் பட்டியலிட்டுக் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்த ஆணையிட்டது. நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டியின் உட்புறம் அந்தப் பட்டியலில் இல்லை. இடிவண்டி என்ற பெயர் எங்கிருந்து வந்ததோ, அந்த இடம் இன்னும் இருட்டிலேயே இருக்கிறது. ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு முதல் தகுதி குதிரைத்திறன் அன்று. உள்ளே நடப்பதைப் பதியும் கேமரா, காற்றோட்டம், பெண் கைதிக்குத் தனி இருக்கை, காயம்பட்டவரைக் கிடத்தும் இடம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் காவல் வேனின் கூரை மீது ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த காவலரின் காட்சியைத் தமிழ்நாடு மறக்கவில்லை. ஆள் ஏற்றும் வண்டி அன்று சுடும் மேடையாயிற்று. ஊர்தியின் பயன்பாட்டுக்கு விதி இல்லாத இடத்தில் அது எதுவாகவும் மாறும்.

மறுப்புகள் உண்டு, அவற்றை எதிர்கொள்ளாமல் விட முடியாது. கேரளத்தின் பருவமழையில் இருசக்கர வண்டி என்ன செய்யும், பிடிபட்டவரை மிதிவண்டியிலா ஏற்றுவது, கலவரம் வெடித்தால் ஈகோ வேன் போதுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகளே. மலையோர நிலையத்துக்கு நாற்சக்கர இயக்கமுள்ள வண்டி இல்லாமல் ஆகாது. கலவரத்துக்குக் கவச வண்டியும், கைது நடவடிக்கைக்கு மூடிய வேனும் தேவை. பெரிய வண்டியே கூடாது என்பது இங்கே வாதமன்று. ஆண்டில் சில நாட்கள் தேவைப்படும் வண்டியை, ஆண்டு முழுவதும் எல்லா வேலைக்குமான வண்டியாக்கும் பழக்கமே எதிர்க்கப்படுகிறது. கலவர வண்டி மாவட்டத் தலைமையகத்தில் நிற்கட்டும், அழைத்தால் வரட்டும். நிலைய வாசலில் நிற்கவேண்டியது அன்றாட வேலைக்கானது. மழைக்கு அஞ்சினால், அதே மழையில் அதே சந்தில் இருசக்கர வண்டியில் உணவு கொண்டுவரும் இளைஞரைப் பார்த்தால் போதும். பெருங்கூட்ட நாட்களிலும் இதுவே நிலை. 2022 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக்காக ஃபோர்ட் கொச்சியில் திரண்ட கூட்டம் நெரிசலில் தவித்தது. அத்தகைய இரவில் காரால் ஓரடி நகர முடியாது. முதலுதவிப் பையோடு வரும் இருசக்கர வண்டிக்கும் நடக்கும் காவலருக்கும்தான் கூட்டம் வழிவிடும்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு நிலைய எல்லையிலும் தெருக்களின் அகலம், படித்துறைகள், அழைப்பு வரும் இடங்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, அதன்பின் வண்டியைத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கை எடுப்பவர் அந்தத் தெருவில் ரோந்து போகும் காவலராக இருக்க வேண்டும். அதிகாரிகளின் பயணக் கார்களுக்கு நவீனமயமாக்க நிதியைத் தொடக்கூடாது. அவற்றுக்குத் தனித் தலைப்பில் பணம் கேட்டுச் சட்டமன்றத்தில் விளக்கம் சொல்லட்டும். எந்த நிலையத்தில் எத்தனை வண்டி, அவற்றில் எத்தனை ஓடும் நிலையில் உள்ளன என்ற பட்டியல் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். கைதி வண்டிகளில் கேமரா கட்டாயமாக வேண்டும்.

காவல்துறையின் வண்டிக்கான பணம் மட்டாஞ்சேரியின் மூட்டை தூக்குபவரும் சலவைத் தொழிலாளியும் கட்டும் வரியிலிருந்தும் வருகிறது. அவர்கள் வீட்டு வாசல் வரை வர முடியாத வண்டியை அவர்கள் பெயரில் வாங்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.