திட்டம் தயார், செலவு யாருக்கு? காட்கோபர் மெட்ரோ தரும் பாடம்

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பதற்கான திட்டங்களுக்கு வளரும் நாடுகளில் பஞ்சமில்லை. அவற்றின் செலவை யார் ஏற்பது என்பதில்தான் சிக்கல். மும்பையின் காட்கோபரில் வந்து முடியும் மெட்ரோ ரயில் பாதை இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று.

மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் பருவநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2019-ம் ஆண்டில் நகரம் வெளியேற்றிய பசுங்குடில் வாயு 2.34 கோடி டன். அதில் எரிசக்திப் பயன்பாட்டின் பங்கு 72 சதவீதம், போக்குவரத்தின் பங்கு 20 சதவீதம் என அத்திட்டம் கணக்கிட்டது. இதனை 2030-க்குள் 30 சதவீதம் குறைத்து, 2050-ல் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவது இலக்கு.

சாலை வாகனங்களிலிருந்து பயணிகளை ரயிலுக்கு மாற்றாமல் போக்குவரத்தில் இந்த இலக்கை எட்ட இயலாது. ஆனால், அந்த ரயிலுக்கான பணம்?

பயணிகள் தலையில் சுமை

வெர்சோவா - அந்தேரி - காட்கோபர் பாதையின் நீளம் 11.4 கி.மீ. தனியார் பங்கேற்புடன் அமைக்கப்பட்டு, 2014 ஜூன் 8-ல் திறக்கப்பட்டது. தொடக்க மதிப்பீடு ரூ. 2,356 கோடி. இதில் மத்திய, மாநில அரசுகளின் மானியம் ரூ. 650 கோடி. செலவு ரூ. 4,321 கோடியாக உயர்ந்துவிட்டது என்றது நிறுவனம். அதை அரசுத் தரப்பு ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் ரூ. 9 முதல் ரூ. 13 வரை இருந்த கட்டணம் ரூ. 10 முதல் ரூ. 40 வரை ஆனது. வழக்குகளும் தொடர்ந்தன. தனியாரின் 74 சதவீதப் பங்கை வாங்க 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்த மகாராஷ்டிர அரசு, சில மாதங்களிலேயே பின்வாங்கியது.

காற்று தூய்மையாவதன் பலன் ரயிலில் ஏறாதவருக்கும் கிடைக்கிறது. செலவோ பயணச்சீட்டிலும் கடன் கணக்கிலும் ஏறுகிறது.

உதவியா, கடனா?

அடுத்தடுத்த பாதைகளுக்கு வெளிநாட்டுக் கடன் நாடப்பட்டது. மும்பையின் மூன்று பாதைகளுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2019-ல் 92.6 கோடி டாலர் கடன் வழங்க ஒப்பந்தமானது. ரூபாயின் மதிப்பு சரிந்தால் டாலர் கடனின் சுமை கூடும்.

வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் தரப்பட்ட வாக்குறுதிக்குக் கெடு 2020. பணக்கார நாடுகளின் கணக்குப்படியே அது நிறைவேறியது 2022-ல்தான். அதிலும் அரசுகள் வழியே வந்த நிதியில் பெரும்பகுதி கடன். 2024-ல் பாகு மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என முடிவானபோது, அது போதாது என இந்தியா எதிர்த்தது நியாயமே.

உள்நாட்டுக் கணக்கு

எனினும், நம் கணக்கும் தெளிவாக இல்லை. தூய எரிசக்திக்கென 2010-ல் நிலக்கரி மீது மத்திய அரசு தனி வரி விதித்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை வசூலானது சுமார் ரூ. 86,000 கோடி. தூய எரிசக்தி நிதியத்தைச் சென்றடைந்தது ரூ. 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது ரூ. 16,000 கோடிக்கும் குறைவு. பின்னர் அவ்வரியின் இடத்தில் வந்த தீர்வை, மாநிலங்களின் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டது.

தனது மூலதனச் செலவில் பருவநிலைக்கானது எவ்வளவு என மும்பை மாநகராட்சி 2024-ல் தனி அறிக்கை வெளியிட்டது. வெளிநாடுகளிடம் மானியம் கோரும் மத்திய அரசு, உள்நாட்டில் இதன் பெயரால் வசூலித்த பணம் எந்த நகருக்கு, எந்தத் திட்டத்துக்குப் போனது என்பதை நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். அப்போதுதான் சர்வதேச மேடையில் நமது வாதம் வலுப்பெறும். காட்கோபர் பயணியின் சுமையும் குறைய வழி பிறக்கும்.