கை நனைக்காத வீடும் கடல் கடந்த விருந்தும்

நம் பங்குகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆவல் தலைதூக்கியுள்ளது. பிள்ளைகளை ஜெர்மனிக்கோ வேறோர் ஐரோப்பிய நாட்டுக்கோ அனுப்பி, அங்கே ஒரு குடும்பத்தில் ஓராண்டு தங்கவைத்து, மொழியும் பண்பாடும் கற்கச் செய்ய வேண்டும் என்பதே அந்த ஆவல். நற்சான்றுக் கடிதம் கேட்டு வரும் பெற்றோரின் முகத்தில் பெருமிதம் தெரிகிறது. அதை நாம் பழிக்கவில்லை. புதுக்கோட்டைச் சீமையின் மக்கள் கடல் கடக்க அஞ்சியவர்கள் அல்லர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றது ஒரு தலைமுறை; வளைகுடா நாடுகளுக்குச் சென்றது மற்றொரு தலைமுறை. ஆனால் அவர்கள் வேலைக்குச் சென்றார்கள். கடையிலும் தோட்டத்திலும் தொழிலாளர் முகாமிலும் தங்கினார்கள். இப்போது நம் பிள்ளைகள் செல்ல விழைவது அயலாரின் வீட்டுக்குள். இது வேறு வகைப் பயணம். இதன் பொருளை நாம் உணர்ந்திருக்கிறோமா என்பதே நம் கேள்வி.

இத்தகைய தங்கலுக்கு ஐரோப்பாவில் வழங்கும் பெயர் 'ஓ பேர்'. பிரெஞ்சு மொழியில் 'சமநிலையில்' என்று பொருள். இவ்வகையில் தங்க வரும் இளைஞர் வேலைக்காரரும் அல்லர், வாடகைக்குக் குடியிருப்பவரும் அல்லர். அவ்வீட்டுக் குழந்தைகளைக் கவனித்து, சிறு வேலைகளில் கைகொடுத்து, குடும்பத்தில் ஒருவராய் அதே மேசையில் உண்டு மொழி கற்பவர். 1969ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றம் இதற்கென்றே ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. நாளொன்றுக்குப் பொதுவாக 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், மொழி வகுப்புக்குச் செல்ல நேரம் தர வேண்டும் என்று அது வகுத்தது. ஜெர்மனியின் இன்றைய விதிகளின்படி வாரத்துக்கு 30 மணி நேரமே வேலை. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. விண்ணப்பிப்பவர் 27 வயதுக்கு உட்பட்டவராகவும் தொடக்கநிலை ஜெர்மன் மொழி அறிந்தவராகவும் இருக்க வேண்டும். தங்கல் ஓராண்டைத் தாண்டாது. ஜெர்மன் மொழி தாய்மொழியாக இல்லாத குடும்பமாயின், விருந்தினர் அக்குடும்பத்தினரின் சொந்த நாட்டிலிருந்து வரலாகாது. மொழி கற்பிப்பதாகச் சொல்லி, சொந்த ஊர்ப் பெண்ணை வரவழைத்துச் சமையலறையில் நிறுத்திவிடாதபடி காக்கும் வேலியாகவும் இவ்விதி அமைகிறது.

எனவே பெற்றோரே, இதை வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவரை நம்பாதீர்கள். 280 யூரோ சம்பளமன்று. அதை நம்பிக் கடன் வாங்குவதும் நகையை அடகு வைப்பதும் அறிவுடைமை ஆகா. பிள்ளை அங்கே சம்பாதிக்கச் செல்லவில்லை. சமமாக அமரச் செல்கிறது. அந்தச் 'சமம்' என்ற ஒரு சொல்லைப் பற்றியே மேற்கொண்டு பேச விழைகிறோம்.

மொழியைக் கற்க வீட்டைவிட நல்ல பள்ளி இல்லை. மதுரையில் உள்ள அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்துக்குத் தமிழ் கற்க வரும் மாணவர்களில் பலர் தமிழ்க் குடும்பங்களில் தங்கிப் பயில்கின்றனர். வகுப்பறை அவர்களுக்கு வேற்றுமை உருபுகளைக் கற்பிக்கிறது. 'சாப்பிட்டீங்களா?' என்று வாசலில் கேட்பது சோற்றைப் பற்றிய விசாரணையன்று, உறவைப் பற்றிய விசாரணை என்பதை வீடுதான் கற்பிக்கிறது. 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது, 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தும் பாட்டியை எந்தப் பல்கலைக்கழகம் பணியில் அமர்த்த முடியும்?

நம் மாவட்டத்துக்கு இது புதிய செய்தியன்று. நம் ஆவூரில் பணியாற்றிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். 1732இல் சதுரகராதியைத் தந்த அவரே, மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். செந்தமிழை ஏட்டிலும் புலவரிடமும் கற்கலாம். பேச்சுத் தமிழை எங்கே கற்பது? களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் திண்ணையிலும்தான். அயலாரைத் தம் நடுவே வைத்து, அவர் தப்பும் தவறுமாகப் பேசியதைப் பொறுத்துத் திருத்திய எளிய மக்கள் இல்லையேல், அந்த இலக்கணம் பிறந்திராது. உபசரித்த மக்களின் பெயர்கள் எந்த அட்டையிலும் அச்சாகவில்லை. ஆயினும் அந்நூலில் அவர்களுக்கும் பங்குண்டு.

இதுவரை நாம் சொன்னதை வாசகர்கள் தலையசைத்து ஏற்றிருப்பார்கள். இனிச் சொல்வது கசக்கும். கசந்தாலும் சொல்லியாக வேண்டும்.

'பரிமாற்றம்' என்ற சொல்லில் இரு கைகள் உள்ளன. நம் மகளை ஓர் அந்நியக் குடும்பம் தன் மேசையில் அமர்த்த வேண்டும், தன் தட்டில் பரிமாற வேண்டும், தன் குளியலறையைப் பகிர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே. சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது. நம் வீட்டில் அந்த மேசை யாருக்கு விரிக்கப்படுகிறது? ஒரே பங்கில் ஞானத்தானம் பெற்று, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் தலித் குடும்பத்தின் பிள்ளை நம் வீட்டில் என்றாவது கை நனைத்ததுண்டா? நாம் அந்த வீட்டில் கை நனைத்ததுண்டா? அவ்வீட்டுத் திருமணத்துக்குச் சென்று, மொய் எழுதி, 'உடம்புக்குச் சரியில்லை' என்று சொல்லிச் சாப்பிடாமல் எழுந்து வந்தவர்களை நாம் அறிவோம். திண்ணைவரை வரவேற்பதும் நடுவீட்டுக்குள் அழைப்பதும் ஒன்றல்ல.

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணுவோர் 2022 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. அதைச் செய்தவர் யார் என்பது நீதிமன்றத்துக்கு உரிய கேள்வி. அதில் நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் விசாரிக்கச் சென்ற மாவட்ட அதிகாரிகள் அருகிலுள்ள இறையூரில் கண்டது வேறொன்று. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. ஒரு தேநீர்க் குவளையைச் சமமாக நீட்ட முடியாத மண்ணிலிருந்து, 'சமநிலை' என்று பெயர்கொண்ட விருந்தோம்பலுக்கு நம் பிள்ளைகளை அனுப்புகிறோம். அது கடைக்காரரின் பாவம், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கிறித்தவர் கை கழுவ இயலாது. கடையில் வெளிப்படையாக இருப்பது பல வீடுகளில் அலமாரிக்குள் இருக்கிறது. வேலைக்கு வருபவருக்கென்று தனியே ஒதுக்கிய தட்டும் டம்ளரும் அங்கே கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன.

'அது காலங்காலமாய் வரும் வழக்கம், சாமி. நாம் என்ன செய்ய முடியும்?' என்பது நாம் அடிக்கடி கேட்கும் மறுமொழி. வழக்கத்தை வரலாற்றைக் கொண்டே சோதிப்போம். 1606இல் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது, 'பறங்கி' என்றால் யார்? மாட்டிறைச்சி தின்பவர், மது அருந்துபவர், குளியாதவர், தீண்டத்தகாதவர்! அந்தப் பெயர் தம்மேல் ஒட்டாதிருக்கவே அவர் காவி உடுத்து, மரக்கறி உண்டு, தனியே வாழ நேர்ந்தது. அன்று நம் முன்னோர் வாசற்படி ஏற்ற மறுத்த பறங்கியின் வழித்தோன்றல் இன்று நம் வீட்டுக்கு வந்தால், நல்ல அறையை ஒழித்துக் கொடுக்கிறோம். புதுப் படுக்கை விரிக்கிறோம். அவரோடு நின்று படம் எடுத்து மாட்டுகிறோம். அவர் உண்பதும் குடிப்பதும் அன்றுபோலவே இன்றும் இருக்கலாம். மாறியது நம் வழக்கம். பறங்கிக்காக மாற முடிந்த வழக்கம் பக்கத்துத் தெருவுக்காக ஏன் மாறக் கூடாது? விடை நமக்குத் தெரியும்: பறங்கியிடம் செல்வமும் விசாவும் இருக்கின்றன, பக்கத்துத் தெருவிடம் அவை இல்லை. அப்படியானால் நாம் காப்பது மரபையன்று, ஆதாயத்தை.

திருச்சபையின் பங்கையும் மறைக்கலாகாது. உயர்சாதியினரை அணுகும்பொருட்டு மறைப்பணியாளர் சிலர் பிராமண சந்நியாசிகளாய் வாழ்ந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களோடு நெருங்கிப் பழகுவதை விலக்கினர். அவர்களுக்குப் பணியாற்ற, 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற வேறு வகைத் துறவியர் தோன்றினர். நோயுற்ற தலித் மக்களின் வீட்டுக்குள் சென்றே குருக்கள் அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்று திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். அதை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதியாக முடிவு கூறியபோதும், அம்மக்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கி வழி காணப்பட்டது. ஒரு குடிசையின் வாசலைக் குனிந்து கடப்பதற்கு இத்தனை சட்டம் தேவைப்பட்டது! மொழியைக் கற்றார்கள், பண்பாட்டைக் கற்றார்கள். பண்பாட்டோடு அதன் நோயும் ஒட்டிக்கொண்டது. பண்பாட்டுப் பரிமாற்றம் தன்னளவில் புனிதமானதன்று என்பதற்கு நம் மண்ணே சான்று. எந்த வாசலைத் திறக்கிறது, எந்த வாசலை அடைக்கிறது என்பதைக் கொண்டே அதை அளக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் திருச்சபையின் தொட்டிலிலேயே எழுந்தது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியில் அமர்ந்து உண்டு வந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்து நின்றார். கலாத்தியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பேதுரு கோட்பாட்டை மறுதலிக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். அதுவே நற்செய்தியின் உண்மையினின்று விலகல் என்று பவுல் கண்டார். ஆண்டவரும் எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, வீட்டுக்கு வீடு மாறாமல் ஒரே வீட்டில் தங்கி, அவர்கள் வைப்பதை உண்ணும்படி பணித்தார். வைப்பதை உண்பது உபசாரம் மட்டுமன்று. அது நற்செய்தியின் முதற் பாடம்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். பிள்ளையை ஓராண்டு அயல்நாட்டுக் குடும்பத்துக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர், அதற்கு முன் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் தம் பங்கிலேயே வேறு தெருவில், வேறு சாதிக் குடும்பத்தில் தங்கவைக்கட்டும். அவ்வீட்டுப் பிள்ளை இவர்கள் வீட்டில் தங்கட்டும். விசா வேண்டாம், முகவர் வேண்டாம், விமானக் கட்டணமும் வேண்டாம். அன்பியக் கூட்டங்கள் இதை ஏற்பாடு செய்யலாம். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பங்குப் பேரவை முன்னின்று கவனிக்கலாம். 'முன்பின் தெரியாதவர் வீட்டில் எப்படி விடுவது?' என்று கேட்கிறீர்கள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத குடும்பத்தில் விடத் துணிந்த நீங்கள், ஞாயிறுதோறும் பக்கத்து வரிசையில் முழந்தாளிடும் குடும்பத்தை எவ்வாறு முன்பின் தெரியாதவர் என்கிறீர்கள்? முன்பின் தெரியாமல் வைத்திருந்தது யார்?

இந்த இரண்டு வாரத்தில் பிள்ளை கற்பது சிறிதன்று. ஒரே தமிழில் எத்தனை தமிழ் உண்டு, ஒரே ஊரில் எத்தனை ஊர் உண்டு என்று கற்கும். பிறர் வீட்டுச் சோற்றை முகம் சுளிக்காமல் உண்ணவும், உண்ட தட்டைத் தானே கழுவவும் கற்கும். இப்பாடத்தைக் கற்ற பிள்ளை ஜெர்மனியில் எந்தக் குடும்பத்திலும் தலைநிமிர்ந்து அமரும். கற்காத பிள்ளை அங்கே ஓராண்டு சமமாய் உபசரிக்கப்பட்டுத் திரும்பி வந்து, இங்கே பழைய டம்ளரையே வேலைக்கு வருபவருக்கு எடுத்து நீட்டும். அந்தப் பிள்ளைக்கு மொழி ஒன்று கூடியிருக்கும், பண்பாடு கூடியிராது.

இவ்விதழை மூடி வைத்தபின், வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். தனியே கவிழ்த்து வைத்த டம்ளர் இருந்தால், முதலில் அதை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். கடவுச்சீட்டுக்கு அதன் பிறகு விண்ணப்பிக்கலாம்.