நெட் போனாலும் கூவுமா? கேட்டு வாங்குங்கள்!

வீட்டில் கேமரா வைத்துவிட்டோம், இனி ஊருக்குப் போனாலும் கவலையில்லை என்று ஒரு சகோதரி இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றையும் கலக்கியது. நானும் அப்படித்தான் பெருமையடித்துக் கொண்டிருந்தேன், 2023 டிசம்பர் வரைக்கும்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், முதல் மாடி. வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று என்று இரண்டு வைஃபை கேமராவை என் கணவர் வாங்கி மாட்டினார். "எந்த ஊர்ல இருந்தாலும் போன்லயே வீட்டைப் பார்த்துக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். சாரும் தலையாட்டினார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் நான், ஆனால் பாஸ்வேர்டு இருப்பது அவர் போனில்! அது தனிக்கதை.

டிசம்பர் 1ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி, சித்தப்பா பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்காக மாமியார், குழந்தைகளோடு கும்பகோணம் கிளம்பினோம். விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் மிக்ஜாம் புயல் சென்னையைப் பிடித்துக் கொண்டது. திங்கட்கிழமை காலையில் போனைத் திறந்தால் இரண்டு கேமராவுமே 'ஆஃப்லைன்'. மழையில் கரண்டை நிறுத்திவிட்டார்கள், நெட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. ரயில்களையும் ரத்து செய்துவிட்டார்கள். பீரோவில் மகளுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நாலு பவுன் இருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று எனக்கே தெரியாது. வியாழக்கிழமை வந்து பூட்டைத் திறந்து பீரோவைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஒன்றும் போகவில்லை. ஆனால் எதிர்வீட்டில் நடந்ததைக் கேட்டதும் உடம்பு நடுங்கிவிட்டது.

எதிர்வீட்டில் ரிடையரான டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தளத்தை உயர்த்திக் கட்டியவர், அதனால் இந்தத் தடவை வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் சில வருஷம் முன்பே ஒரு அலாரம் பெட்டி வாங்கி மாட்டியிருந்தார். "இந்தக் காலத்துல போய் சைரனா!" என்று நாங்கள்கூடக் கேலி பேசியிருக்கிறோம். திங்கட்கிழமை ராத்திரி தெருவே கும்மிருட்டாக, முழங்கால் தண்ணீரில் கிடந்தபோது யாரோ அவர் வீட்டுப் பின்கதவைத் தள்ளித் திறந்திருக்கிறார்கள். திருட வந்தவனோ, தண்ணீருக்குப் பயந்து ஒதுங்க இடம் தேடியவனோ தெரியாது. கதவு திறந்த அந்த நிமிஷமே சைரன் அலறியது. அக்கம்பக்கத்து ஆண்கள் டார்ச்சும் கையுமாக ஓடி வந்துவிட்டார்கள். வந்தவன் தண்ணீரில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் கேமராவும் வயர்லெஸ், அவர் அலாரமும் வயர்லெஸ். நெட் செத்துப்போன அன்றைக்கு ஒன்று ஊமையாகிவிட்டது, இன்னொன்று எப்படிக் கூவியது? டீச்சரம்மாவிடமே கேட்டேன். பத்தாவது வரை படித்த எனக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கினார்.

"உன் வீட்டு காலிங் பெல் வயர் இல்லாததுதானே? வாசல்ல அழுத்தினா சமையல்கட்டுல அடிக்குதே, அதுக்கு நெட்டா வேணும்?" என்றார். அட, ஆமாம்! வயர்லெஸ் என்றாலே இன்டர்நெட் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். கதவின் ஓரத்தில் ஒரு சின்ன காந்தம், நிலையில் கட்டைவிரல் அளவு ஒரு கருவி. கதவு திறந்தால் காந்தம் விலகும். உடனே அந்தக் கருவி ரேடியோ அலையில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டிக்குச் சேதி சொல்லும், பெட்டி சைரனை அலறவிடும். சேதி வீட்டுக்குள்ளேயே போய் வருகிறது. தெருவில் கேபிள் அறுந்தால் அதற்கென்ன? கதவுக் கருவியில் தனியாகச் சின்ன பேட்டரி. பெட்டிக்குள் ஒரு பேட்டரி, போதாததற்கு அதை இன்வெர்ட்டர் லைனிலும் கொடுத்திருந்தார்.

பெட்டியில் ஒரு சிம்மும் உண்டு. நெட் இல்லாவிட்டாலும் மகனுக்குப் போன் அடிக்கும். அன்றைக்கு டவரும் வேலை செய்யாததால் அவருக்குப் போன் போகவில்லை. தெருவுக்குச் சத்தம் போனதே, அது போதாதா!

எங்கள் கேமராவோ எதையும் நெட் வழியாக வெளியே அனுப்பினால்தான் எங்களுக்குத் தெரியும். அதன் பக்கவாட்டில் மெமரி கார்டு போட ஒரு இடம் காலியாகவே இருந்தது. அதில் கார்டு போட்டிருந்தால், நெட் இல்லாதபோதும் கரண்ட் இருக்கும்வரை படத்தைத் தன்னிடமே சேர்த்து வைத்திருக்கும், வந்த பிறகாவது பார்த்திருக்கலாம். கடைக்காரர் மாதாமாதம் பணம் கட்டும் திட்டத்தைப் பற்றிச் சொன்னாரே தவிர, இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் கணவர் போய்க் கேட்டதற்கு, "நெட் இல்லைன்னா கேமரா என்ன சார் பண்ணும்?" என்றாராம், ஏதோ புயலை நாங்கள் கூப்பிட்டு வந்த மாதிரி!

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் நெட் பெட்டியும் கேமராவும் செருகியிருந்தது டி.வி. பக்கத்து பிளக்கில். அதற்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது. ஃபேனும் டியூப் லைட்டும் மட்டும்தான் அந்த லைனில். ஆளில்லாத வீட்டில் யாருக்கு ஃபேன்? எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். நெட் பெட்டி இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு, வேறு எதுவும் ஓடாவிட்டால் ஒரு நாளாவது தாங்கும் என்றார். கரண்ட் மட்டும் போய்க் கேபிள் நன்றாக இருந்தால், பல நேரம் நெட்டே தொடர்ந்து வருகிறது.

டீச்சரம்மா வீட்டில் இருப்பது போன்ற பெட்டியை நாங்களும் மாட்டிவிட்டோம். அதற்காகக் கடையேறி இறங்கியபோது ஒன்று கவனித்தேன். கதவில் ஒட்டும் கருவியிலேயே இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்று பெட்டியோடு பேசும். இன்னொன்று நேராக வைஃபையில் சேர்ந்து போனுக்கு மட்டும் சேதி அனுப்பும், நெட் போனால் அதுவும் போச்சு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான், விலை குறைவு என்று பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தலையில் கட்டுகிறார்கள். சிம்மிலும் ஏமாறுகிறோம். பழைய மாடல் பெட்டிகள் சில 2ஜியில்தான் பேசும். 2ஜி சேவையே தராத கம்பெனியின் சிம்மை அதில் போட்டால் பிரயோஜனமே இல்லை. சரியான சிம்மைப் போட்டுவிட்டு ரீசார்ஜ் செய்ய மறந்தாலும் அதே கதிதான். இதையெல்லாம் பில் போடும் முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டியது விற்கிறவர் கடமை என்பது என் கருத்து. அவர் சொல்லாவிட்டால் நாம் கேட்போம், "நெட்டும் கரண்டும் இல்லாதப்போ இது கூவுமா?" என்று. கேட்பதில் வெட்கம் என்ன? மிக்ஸி வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

இன்னொன்று, இந்தச் சாமான்களை வீட்டுக்கார் மட்டும் தெரிந்து வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. சைரனை நிறுத்தும் நம்பர் இப்போது எனக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். நாங்கள் வெளியூர் போனால் டீச்சரம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சைரன் கூவும்போது வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

மாசம் பிறந்தால் ஒரு வேலை வைத்திருக்கிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அலாரத்தைப் போட்டுவிட்டு, மாடிப்படிக் கதவைத் திறப்பேன். மாமியார் முன்கூட்டியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து டீச்சரம்மா, "கேட்டுச்சும்மா, நிறுத்து நிறுத்து" என்று கையாட்டுவார்.

- ஒரு இல்லத்தரசி, மடிப்பாக்கம்.