சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985-இல் வந்தது. 1996-இல் தயாரிப்பு நின்றது. அப்படியென்றால் இன்று சாலையில் ஓடும் எந்த ஆர்.எக்ஸ். 100-க்கும் ஏறக்குறைய முப்பது வயதாவது இருக்கும். மவுசு மட்டும் குறையவே இல்லை. பெயின்ட், சைலன்ஸர், சீட் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். ஆனால் முன் ஷாக் அப்சார்பரில் வழியும் ஆயிலைப் பழைய துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்!

அந்த ஆயில் சும்மா ஊற்றி வைத்ததல்ல. முன் ஃபோர்க்கில் ஒரு குரோம் பைப், அலுமினியக் குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கை அதன் போக்கில் துள்ள விடாமல் அடக்குவது, சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போகும் ஆயில்தான். அதை உள்ளேயே நிறுத்தி வைப்பது ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல்.

ஆயில் குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மூக்கு சட்டென்று கீழே இறங்கும். பள்ளத்தில் விழுந்து எழுந்தால் டயர் குதிக்கும். டயர் தரையைத் தொடாத அந்த நொடியில் எந்த பிரேக்கும் பயன்படாது. டிஸ்க் பிரேக் மாட்டிய வண்டி என்றால் இன்னும் மோசம். வழியும் ஆயில் டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும். எனவே இது அழுக்குப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

சரி, சீலை மாற்றிவிட்டால் முடிந்ததா? பலருக்கு ஒரே மாதத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. உடனே மெக்கானிக் சரியில்லை, சீல் டூப்ளிகேட் என்று திட்டு விழும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பழைய வண்டிகளில் பெரும்பாலும் உண்மைக் குற்றவாளி பைப்தான். மழையும் உப்புக் காற்றும் பட்டு குரோம் துருப்பிடித்துப் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தக் குழியின் விளிம்பு புது சீலின் உதட்டை அரம் போல அறுக்கும். சீல் என்ன செய்யும், பாவம்!

கண்டுபிடிப்பது சுலபம். பைப்பைச் சுத்தமாகத் துடைத்து, சீல் உரசும் பகுதியில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் போதும். நகம் மாட்டினால் குழி இருக்கிறது. லேசான பிசிறு என்றால் மிக மெல்லிய எமரி தாளால் தேய்த்துச் சரி செய்யலாம். ஆழமான குழி என்றால் பைப்பை மாற்ற வேண்டும், இல்லையேல் மறுபடி ஹார்டு குரோம் பூச வேண்டும். நகம் எங்குமே மாட்டவில்லையா? அப்போது சீலுக்கடியில் மண் சிக்கியிருக்கலாம். பழைய போட்டோ பிலிம் துண்டை உள்ளே நுழைத்துச் சுற்றினால் மண் வெளியே வந்துவிடும். சில சமயம் சீலை மாற்றாமலே ஒழுகல் நின்றும் போகும்.

மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒன்று தேய்ந்திருந்தால் அதே வயதுள்ள மற்றதும் தேய்ந்துதான் இருக்கும். மேலே இருக்கும் டஸ்ட் சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும், மண்ணைத் தடுப்பது அதுதான். பழைய சீலை ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. ஆயிலும் கண்ணளவில் ஊற்றக்கூடாது. கம்பெனி சொன்ன அளவு, இரண்டு பக்கமும் சமமாக.

மெக்கானிக்குகள் இதையெல்லாம் ஏன் செய்வதில்லை என்று கேட்கலாம். தெரியாமல் இல்லை. "பைப்பும் போயிடுச்சு" என்று சொன்னால், "இப்போதைக்கு சீல் மட்டும் போடுங்கண்ணே" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். சீல் ஜோடியின் விலை ஒரு முறை டேங்க் நிரப்பும் பெட்ரோல் விலையைவிடக் குறைவு, பைப்புக்கு அதைவிட அதிகம் ஆகும் என்பது நிஜம்தான். ஆனால் குழி விழுந்த பைப்பில் மூன்று முறை சீல் போட்டு, மூன்று முறை கூலியும் கொடுத்தவர் எதை மிச்சம் பிடித்தார்?

பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பது நல்ல விஷயம்தான். அந்த ஆசையில் கொஞ்சம் முன் சக்கரத்தின் பக்கமும் போகட்டும். சைலன்ஸர் சத்தம் தெருவைத் திரும்பிப் பார்க்க வைக்கும், ஆனால் தெருமுனையில் குறுக்கே ஓடி வரும் குழந்தைக்கு முன்னால் வண்டியை நிறுத்தித் தராது.